மணி அடித்த பிறகும் நிற்காத பேனா

உலகம்மை துணை

தென்காசி
கொல்லம் 1154, தை 8

சிரஞ்சீவி பேரன் சங்கரசுப்பிரமணியனுக்கு ஆச்சி நாச்சியார் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்கள் பேரை முதலில் எழுதிவிடுகிறேன். என் அப்பா தெய்வநாயகம் பிள்ளை. அம்மா உலகம்மாள். பாயசத்தை மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கிய சந்தானகிருஷ்ணன் பெரியப்பா. என்னை நிச்சயம் செய்ய வாசுதேவநல்லூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா சிந்தாமணிநாதம் பிள்ளை, அவர் தங்கை கோமதி. பட்டணத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் கணபதிசுப்பிரமணியன். கதவுக்குப் பின்னால் நான். ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. ஒரு ஆளையும் விடவில்லை.

நேற்று உன் கடிதத்தை உன் அப்பன் கூடத்தில் உட்கார்ந்து படித்தான். பரீட்சையில் கேள்வியை வாசித்துச் சொல்லவும், நீ சொல்வதை எழுதவும் ஒரு ஆள் வேண்டும், கூட அரை மணி நேரம் வேண்டும், அதற்கு வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டான்.

"ஏலே காந்திமதி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே?" என்றேன் உன் அப்பனிடம்.

"பங்குனியில பாலாவ நிச்சயம் பண்ண வருதாங்க. அண்ணனுக்குக் கண்ணு போயிட்டு இருக்குன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, தங்கச்சிய எவன் எடுப்பான்? குடும்பத்துல ஓடுதுன்னுதான் சொல்லுவான்" என்கிறான்.

அன்றைக்கும் இதே கூடத்தில் இதே மாதிரி ஒரு காகிதம்தான் எழுதினார்கள். என் அண்ணனுக்கும் உன்னுடைய கண்தான். பரீட்சைக்குக் கூட நேரமும் ஜன்னல் ஓரத்தில் இடமும் கேட்டு எழுதிய காகிதம். என் அப்பா கையெழுத்துப் போட்டார். நான் பார்த்தேன். அது தபாலுக்குப் போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பொழுது சாய்ந்த பிறகு ரோட்டைக் கடக்காதே.

நாச்சியார்

*

2-2-1979

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அப்பா சொல்வதில் தப்பில்லை. பாலாவை நினைத்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் போன வருஷம் ஒரு பேப்பரில் பாதிக் கேள்விதான் எழுத முடிந்தது. எழுத்து எறும்பு மாதிரி ஓடிப்போய்விடுகிறது. நேராகப் பார்க்கும் இடம் மட்டும் ஒரு சாவித்துவாரம் அளவுக்குத் தெரிகிறது. இந்த வருஷமும் போனால் வக்கீலின் கறுப்புக் கோட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

ஏசுதாசன் சார் என்று ஓர் ஆசிரியர் இருக்கிறார். இந்த மாதம் நடக்கும் மாதிரித் தேர்வுக்கு மட்டும் தன் பொறுப்பில் தனி அறையும், எழுத ஓர் ஆளும் தருவதாகச் சொன்னார். பெரிய பரீட்சைக்கு டாக்டர் சர்டிபிகேட்டும் வீட்டுக் கையெழுத்தும் இல்லாமல் முடியாதாம். சர்டிபிகேட் கையில் இருக்கிறது.

எழுதுகிறவர் சட்டம் படித்தவராக இருக்கக் கூடாது. பீர் மைதீன் வருகிறான். நம் கடையநல்லூர்க்காரன், பத்தாவது பாஸ், துபாய் விசாவுக்காக இங்கே லாட்ஜில் காத்துக்கிடக்கிறான். "சட்டம்னா எனக்கு ஜன்னல் சட்டம்தான் தெரியும் வே, என்னைவிடப் பொருத்தமான ஆளு கெடைக்காது" என்கிறான்.

அந்தக் காகிதத்தைத் தபாலில் போடாமல் தடுத்தது யார், ஆச்சி?

சங்கரன்

*

தென்காசி
மாசி 3

சங்கரனுக்கு ஆச்சி ஆசீர்வாதம். முழங்கால் அப்படியே இருக்கிறது.

கடையநல்லூர்ப் பையன் வராத நாளில் நீயே எழுத வேண்டிவந்தால் ஒரு தென்னை ஈர்க்கைக் காகிதத்தின் குறுக்கே வைத்துக்கொள். அதன் மேலே உரசினாற்போல் எழுது. வரி முடிந்ததும் ஈர்க்கை ஒரு விரல்கனம் கீழே இறக்கு. வரி மேல் வரி ஏறாது. எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதே.

நீ கேட்ட மற்றதற்கு இப்போது பதில் இல்லை.

நாச்சியார்

*

27-2-1979

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

மாதிரித் தேர்வு முடிந்தது. எனக்குக் கொடுத்தது மாடிப்படிக்குக் கீழே, வடக்குப் பக்கத்து அறை. வருஷக் கணக்காகப் பூட்டிக் கிடந்ததாம். சாவி தேடி எடுக்கவே நேரமாயிற்று. நானும் பீர் மைதீனும் வாசல் அருகே உட்கார்ந்தோம். அவன் கேள்வியை வாசிப்பான், நான் பதில் சொல்வேன், அவன் எழுதுவான்.

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை; உங்களுக்கு எழுதுகிறேன். அறையின் உள்மூலையில் இன்னொருவரும் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு மூலை தெரியாது, இருட்டுதான். ஆனால் காது தெரியும். பீர் மைதீன் எழுதுவது ரீஃபில் பேனா. அதற்குச் சத்தம் கிடையாது. இது மையில் தொட்டுத் தொட்டு எழுதும் பேனா. காகிதத்தைப் பிறாண்டுகிற மாதிரி, அவசரமாக. என்னைப் போல் இன்னொரு மாணவரையும் உட்காரவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடித்தது. பீர் மைதீன் தாளைக் கட்டினான். அந்தப் பேனா நிற்கவில்லை.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "வேய், நடுவுல ஒருக்கா மூலையப் பாத்து 'கொஞ்சம் மெதுவா எழுதுங்க'ன்னீரே, யார்ட்ட சொன்னீரு?"

"அங்கன எழுதிட்டு இருந்தவர்ட்ட."

"அங்கன ஒரு ஒடஞ்ச மேசை கெடக்கு வே. வேற ஒரு ஈ காக்கா இல்ல."



சங்கரன்

*

தென்காசி
பங்குனி 4

சங்கரனுக்கு ஆச்சி ஆசீர்வாதம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. அந்த அறை ஜன்னலில் மேல்கண்ணாடி சிவப்பா? அதில் கீறல் உண்டா? மூலை மேசையின் ஒரு காலுக்கு அண்டை கொடுத்திருக்கிறதா? அந்தப் பேனா மை தொட்ட பிறகு மைக்கூட்டின் விளிம்பில் தட்டுகிறதா, தட்டாமல் எடுக்கிறதா?

நீ பரீட்சை எழுதிய அன்று நம் கூடத்துத் தரையில் ஈரம் இருந்தது. பாலா துடைத்தாள். மறுபடியும் வந்தது. மாசி வெயிலில், ஓடு பிரியாத வீட்டில், வாசலிலிருந்து என் அப்பா உட்காரும் இடம் வரைக்கும். பூனை செம்பைத் தட்டிவிட்டிருக்கும் என்றான் உன் அப்பன். இந்த வீட்டில் பூனை இல்லை.

நாச்சியார்

*

24-3-1979

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம்.

பீர் மைதீனைப் பகலில் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். சிவப்புக் கண்ணாடி, குறுக்கே கீறல். மேசைக்காலுக்கு அடியில் செங்கல். பேனாவுக்கு நான் சாட்சி: ஒவ்வொரு தடவையும் விளிம்பில் இரண்டு தட்டு.

நீங்கள் இந்த ஊருக்கு வந்ததே இல்லையே, ஆச்சி.

நான் ஒரு முடிவு செய்துவிட்டேன். அந்த அறையும் வேண்டாம், அரை மணியும் வேண்டாம். எல்லோருடனும் பெரிய ஹாலில் உட்கார்ந்து முடிந்ததை எழுதுகிறேன். பங்குனிக் கடைசியில் பாலாவைப் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா எழுதியிருந்தார். என் பெயரில் ஒரு காகிதம் எங்கோ ஆபீசில் இருந்து, அது அவள் தலையில் விழ வேண்டாம். கல்லூரிக்கு எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை நேற்று கிழித்துப் போட்டுவிட்டேன். பாலாவிடம் சொல்ல வேண்டாம்.

சங்கரன்

*

தென்காசி
பங்குனி 15

ஏலே சங்கரா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. கிழித்தாயா? உன் கை விளங்குமா? யாரைக் கேட்டுக் கிழித்தாய்?

கேட்டுக்கொள். என் அண்ணன் படித்ததும் நீ படிக்கிற அதே கல்லூரிதான். அவன் பரீட்சை எழுதிய வருஷம் பையன்கள் அதிகம் என்று சிலரை மாடிப்படிக்குக் கீழே அறையில் போட்டார்கள். அவனுக்கு மூலை. வெளிச்சம் சிவப்புக் கண்ணாடி வழியாக வந்தது. கூட நேரம் கேட்கும் காகிதம்தான் போகவில்லையே, மணி அடித்ததும் தாளைப் பிடுங்கிவிட்டார்கள். மேசை ஆடியதையும் செங்கல் வைத்ததையும் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். அவனோடு படித்தவன் ஒருவன் பிற்பாடு வந்து மற்றதைச் சொன்னான். ஒரு பக்கம் முழுக்க ஒரே வரியில் எழுதியிருந்தானாம். எழுதிய வரி மேலேயே மறுபடி எழுதி, மறுபடி எழுதி, காகிதத்தில் ஒரு கறுப்புக் கயிறு மட்டும் கிடந்ததாம். திருத்துகிறவர் அது என்ன என்று கேட்டாராம்.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்து ஆடியில், ஐந்தருவியில் வெள்ளம் விழும்போது குளிக்கப் போனான். கீழே கல்லிடுக்கிலிருந்து எடுத்து வந்து இதே கூடத்தில் கிடத்தினார்கள். கால் வழுக்கிவிட்டது என்றார்கள். கண் தெரியாதவன் என்று அப்போதும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவன் நடுவிரலில் மை இருந்தது. பரீட்சை முடிந்து எத்தனை நாள்! அத்தனை தண்ணீரில் கிடந்த விரல்! நான் தேங்காய் நாரால் தேய்த்தேன். போகவில்லை.

இதனுடன் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது. மேலே வேண்டியதை நீ எழுதிக்கொள். வாழ்நாளில் வெற்றுத்தாளில் நான் கையெழுத்துப் போட்டது இது ஒன்றுதான். தபாலில் நானே நடந்து போய்ப் போடுகிறேன். ஒருவர் கையிலும் கொடுக்கமாட்டேன்.

பாலாவிடம் கேட்கப்போகிறேன். அவள் வேண்டாம் என்று சொன்னால் தந்தி கொடுப்பேன்; அப்போது மட்டும் கிழி.

நாச்சியார்

*

தென்காசி
15-4-1979

அன்புள்ள அண்ணனுக்குப் பாலாம்பாள் எழுதுவது. நான் சௌகரியம். நீ வேளைக்குச் சாப்பிடு.

தந்தி வரவில்லை என்பதிலிருந்தே தெரிந்திருக்கும். இருந்தாலும் நடந்ததை எழுதுகிறேன்.

அவர்கள் வருவதற்குச் சில நாள் முன்பு ஆச்சி அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள். "ஏட்டி பாலா, உங்க அண்ணன் காகிதம் போனா இந்தக் கல்யாணம் போனாலும் போயிரும். போகட்டுமா, இருக்கட்டுமா? உங்க அப்பன் சொல்லுத மாதிரிச் சொல்லாதே. எனக்காகவும் சொல்லாதே" என்றாள். நான் உடனே சொல்லவில்லை, அண்ணே. அன்று முழுக்க யோசித்தேன். போட்டோவில் அவருக்குப் புருவம் நன்றாக இருந்தது. மறுநாள்தான் "போகட்டும் ஆச்சி" என்றேன். ஆச்சி என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். ஏன் தடவுகிறாள் என்று அப்போது புரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பொழுது மயங்குகிற நேரம். ஆச்சி கூடத்துக்கு வந்து அவர்களுக்கு எதிரே நின்றாள். நின்ற இடத்துக்கு எதிரே தூண்தான் இருந்தது. தூணைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்க அண்ணனுக்குக் கண்ணு மங்கிச்சு. எனக்குப் பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது, இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாம முப்பது வருசமா நடமாடுதேன். எம் பேரனுக்கும் மங்குது. கேக்காம விட்டுட்டு, பின்னால எம் பேத்தியச் சொல்லக் கூடாது. இப்பமே தெரிஞ்சுக்கிடுங்க."

அந்த அம்மா டம்ளரை வைத்துவிட்டு, "நல்லவேளை சொன்னீங்க ஆச்சி" என்றார். அவ்வளவுதான். எழுந்தார்கள். அப்பா இரண்டு நாள் ஆச்சியிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், ஆச்சி வாசல்படி இறங்கும்போது போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நீ கேட்காமல் கிழித்தாயாமே? இனி எனக்காக எதையாவது கிழித்தால் நான் பேச மாட்டேன்.

பாலா

*

12-5-1979

அன்புள்ள ஆச்சிக்கு அடியேன் வணக்கம். உங்கள் கண்ணைப் பற்றி நான் என்ன எழுதுவது? ஈர்க்கு வைத்துத்தான் எனக்கு இத்தனை கடிதமும் எழுதினீர்களா?

உங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அனுமதி வந்தது. தனி அறை, எழுத ஓர் ஆள், கூடுதலாக அரை மணி நேரம். அறை எது என்று கேட்டபோது மாடிப்படிக்குக் கீழே என்றார்கள். மாற்றித்தரச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒவ்வொரு பேப்பருக்கும் அந்தப் பேனா எழுதிக்கொண்டுதான் இருந்தது. பழகிவிட்டது. பக்கத்து வீட்டில் அம்மியரைக்கிற மாதிரி. மணி அடித்து மற்ற மாணவர்கள் படியில் இறங்கி ஓடும்போது மட்டும் அது பதறும். பிறாண்டல் வேகமாகும். நான் என் அரை மணியில் எழுதி முடித்துக் கிளம்பும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். எங்கள் கதவு சாத்தியதும் நிற்கிறதா, தெரியாது.

கடைசிப் பேப்பர் அன்று மணி அடித்துச் சிறிது நேரத்திலேயே நான் முடித்துவிட்டேன். பீர் மைதீன் தாளைக் கட்டிக்கொண்டு, "எந்திரியும் வே, பிரியாணி வாங்கித் தாரேன்னீருல்லா" என்றான்.

"இரு. நம்ம நேரம் இன்னும் இருக்கு."

"முடிச்சாச்சே. இனிமே இங்கன என்ன வே வேலை?"

"எனக்கு இல்ல. உக்காரு."

அவன் என்னைப் பார்த்தான், மூலையைப் பார்த்தான், பிறகு உட்கார்ந்தான். வாய்க்குள் ஓத ஆரம்பித்தான். கட்டிய தாளை என் மடியில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன். கண்காணிப்பாளர் எட்டிப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கிறது சார்" என்றேன். சட்டப்படி சரிதான் என்று போய்விட்டார்.

அந்தப் பேனா கொஞ்சம் கொஞ்சமாக நிதானமாயிற்று, ஆச்சி. வரி முடிகிற இடமும் புது வரி தொடங்குகிற இடமும் எனக்குக் கேட்டது. வரி மேல் வரி ஏறவில்லை. கடைசியில் மைக்கூட்டு விளிம்பில் இரண்டு தட்டு. பேனாவைக் கீழே வைக்கும் சத்தம். நாற்காலி பின்னால் நகர்ந்தது. அந்தச் சித்திரைப் புழுக்கத்தில் என் பக்கமாக ஈரக்காற்று போயிற்று. சாரல் நேரத்தில் ஐந்தருவிப் பாறையிலிருந்து அடிக்குமே, அந்தப் பாசி வாசனை. என் தோளில் ஒரு கை பட்ட மாதிரி இருந்தது. பட்டதா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

வெளியே வெயிலில் பீர் மைதீன் தன் கையை விரித்துப் பார்த்தான். நடுவிரலில் மை. நீல ரீஃபில்தான் பிடித்திருந்தான். இது கறுப்பு மை. "வேய், இது என்னுது இல்ல" என்றான். குழாயடியில் கழுவினான். எங்களுடையது இல்லாத மை, கழுவினதும் போய்விட்டது.

அவனுக்கு விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் பம்பாய் போகிறான்.

சங்கரன்

*

உலகம்மை துணை

தென்காசி
ஆடி 6

சிரஞ்சீவி சங்கரசுப்பிரமணியனுக்கு ஆச்சி நாச்சியார் ஆசீர்வாதம். நீ பாஸ் என்று தந்தி வந்தது. உன் அப்பன் அதைத் தெருவில் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்தான். பேரனுக்குக் கண் எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "மங்கலாத்தான் இருக்கு, இருந்தும் வக்கீலாயிட்டான்" என்று சொன்னான். என் காதால் கேட்டேன்.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாதது கோபத்தால் இல்லை. என் கோபம் யார் மேல் என்று ஒழுங்காக எழுத வேண்டியிருந்தது.

சித்திரைக்குப் பிறகு கூடத்தில் ஈரம் இல்லை. சாரல் விழுகிற இந்த நாளிலும் தரை காய்ந்து கிடக்கிறது. நேற்று பாலா என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். ஐந்தருவியில் தலையைக் காட்டினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்தத் தண்ணீரைத் தொட்டதில்லை.

நீ கேட்டாயே, அந்தக் காகிதத்தைத் தடுத்தது யார் என்று. அன்றைக்கு இருந்தவர்களை மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். சிந்தாமணிநாதம் பிள்ளை, "பையனுக்குக் கண்ணுல ஏதும் கோளாறா, தடவுதானே?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். பிறகு அவர் வீட்டில்தான் நான் வாழ்ந்தேன், அவரை மன்னித்தாயிற்று. கோமதி அதைக் கேட்டுச் சிரித்தாள். போகட்டும். அப்பா கையெழுத்துப் போட்டார், அதற்குமேல் அவருக்குத் தைரியம் இல்லை. அம்மா அழுதாள், அவளை அதற்குமேல் ஒன்றும் செய்ய விடவில்லை. சந்தானகிருஷ்ணன் பெரியப்பாவைப் பாயசத்தோடு சேர்த்து மன்னித்துவிட்டேன்.

காகிதம் அண்ணன் சட்டைப்பையில் இருந்தது. எல்லோரும் இலைக்கு உட்கார்ந்தபோது அவன் கதவுக்குப் பின்னால் இருந்த என்னைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போனான். தடவிக்கொண்டு போனான். அவன் முழங்கை என் தோளில் பட்டது. எதையோ சின்னச் சின்னதாகக் கிழித்துக் கிணற்றில் போட்டான். எதைக் கிழித்தான் என்று, அவனைக் கூடத்தில் கிடத்திய அன்றுதான் எனக்குப் புரிந்தது. எனக்காகக் கிழித்திருக்கிறான். அவன் போனதால்தான் இந்த வீடும் எனக்கு வந்தது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "ஏட்டி நாச்சியார், உனக்கு இந்தக் கல்யாணம் வேணுமா?" என்று. பாலாவிடம் நான் கேட்ட மாதிரி. "வேண்டாம் அண்ணாச்சி, காகிதத்தத் தபால்ல போடுங்க" என்று சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல ஐம்பது வருஷமாக வாயைத் திறந்தபடி அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

நீ அவனுக்கு உன் நேரத்தைக் கொடுத்தாய். நல்ல காரியம். அவன் எழுதி முடித்து எழுந்து போனது எனக்குச் சந்தோஷம்தான். தென்காசிக் கோர்ட்டில் உன்னைப் பார்க்க என் கண் இருக்கிறதோ இல்லையோ, உன் குரலைக் கேட்க நான் வருவேன். சீக்கிரம் ஊருக்கு வா. ரயிலில் வாசல் பக்கம் நிற்காதே.

ஆனால் மன்னிப்பு வேறு. அது என் கையில் இருக்கிறது, யாரும் அதற்குக் கூட நேரம் கேட்டு வர வேண்டாம். அன்றைக்கு இருந்தவர்களில் ஒருவனை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்: என் கூடப்பிறந்த அண்ணன் கணபதிசுப்பிரமணியன்.

நாச்சியார்